ஆன்டிபயாடிக் போட்டு வயிறு கெட்டால்: இசப்கோலா, வாழைக்காயா, கேப்சூலா?

அம்மாவுக்கு 69 வயது. போன ஐப்பசியில் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் கட்டி, கன்னம் வீங்கி, பிடுங்க வேண்டியதாகிவிட்டது. அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த 625 மாத்திரையைப் பல் டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "காலையிலேர்ந்து அஞ்சு தடவை போயிட்டேன்மா. தண்ணியாட்டம் போகுது. மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

அதற்குள் அவளுக்கு நாலு பக்கமிருந்தும் யோசனை வந்து சேர்ந்திருந்தது. ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல் போட்டுக்கொள்ளச் சொன்னது சித்தி. பக்கத்து வீட்டு அக்கா, வாழைக்காயை வேகவைத்துக் கஞ்சியில் மசித்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். தெருமுனை மருந்துக் கடையில் புரோபயாடிக், அதாவது நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர் அடைத்த கேப்சூல் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். தம்பி இணையத்தில் தேடி, இன்யூலின் என்கிற நார்ச்சத்துப் பொடிக்கு ஆர்டரே போட்டுவிட்டான். "இதுல எதைத்தான் சாப்பிடறது?" என்று கேட்டாள்.

நான் பார்மசிஸ்ட். பதினொரு வருடமாக மருந்துக் கடைக் கவுன்டரில் நிற்கிறேன். இதே கேள்வியை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். கவுன்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த நாலு யோசனைகளில் மூன்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இசப்கோல், வாழைக்காய், இன்யூலின் மூன்றிலும் வேலை செய்வது தாவரப் பாலிசாக்கரைடுகள்தான், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் மணிமாலை போலக் கோத்த நீளச் சங்கிலிகள். குடும்பம் ஒன்று என்பதால் குணமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்று தண்ணீரைப் பிடித்துவைக்கும். இன்னொன்று குடல் பாக்டீரியாவுக்கு இரையாகும். வாழைக்காய் மாதிரி சிலது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். எதை எடுப்பது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அது புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வயிறு ஏன் போகிறது

ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 5 முதல் 35 பேர் வரை இப்படிப் பேதி ஆகிறது. எந்த மருந்து, எத்தனை நாள், என்ன வயது என்பதைப் பொறுத்து மாறும். கிளாவுலனேட் சேர்ந்தவை, செஃபிக்ஸிம் போன்ற செஃபலோஸ்போரின்கள், கிளிண்டமைசின் ஆகியவை அடிக்கடி இதைச் செய்பவை.

நம் உடம்புக்கு மாவுப்பொருளை உடைக்கத் தெரிந்த என்சைம்கள் இருபதுக்கும் குறைவு. நெல்லரிசி, கோதுமை, சர்க்கரை, பால் இவற்றைச் செரிக்க அது போதும். காய்கறித் தோலிலும் தண்டிலும் பழச்சதையிலும் இருக்கும் நீளச் சங்கிலிகளை உடைக்க நம்மால் ஆகாது. அந்த வேலையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் செய்கின்றன. பாக்டீராய்டிஸ் தீட்டாவோட்டாமைக்ரான் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவிடம் மட்டும் இதற்கான என்சைம்கள் இருநூறுக்கு மேல் உண்டு. அவை நாம் செரிக்காததைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட், அசிட்டேட், புரோப்பியோனேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கியச் சாப்பாடு. குடல் இந்த அமிலங்களை உறிஞ்சும்போது கூடவே உப்பையும், உப்போடு தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. மலம் கெட்டியாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆன்டிபயாடிக் பல்லில் இருக்கும் கிருமியைக் கொல்லும்போது குடலில் இருக்கும் இந்தப் பாக்டீரியாக்களையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறது. அமிலங்கள் குறைகின்றன, தண்ணீரை இழுக்கும் சக்தி குறைகிறது. செரிக்காமல் மிஞ்சிய மாவுப்பொருளும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கிறது. பித்தநீர் அமிலங்களைக் கையாளும் பாக்டீரியாவும் குறைவதால் அவையும் குடலை உறுத்தும்.

இன்னொரு வழியும் உண்டு. மருந்தே குடலை நேராகத் தள்ளலாம். எரித்ரோமைசின், குடலை அசைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும். கிளாவுலனேட்டும் குடல் அசைவைக் கூட்டும். மாத்திரை போட்ட முதல் நாளே வயிற்றைப் புரட்டிக்கொண்டு போகிறது என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். இதற்கு வாழைக்காயும் இன்யூலினும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடுவது, டாக்டரிடம் சொல்லி வேளையையோ மருந்தையோ மாற்றிக்கொள்வது, இதில்தான் பலன். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு இசப்கோலைத் தேடி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும். முதலில் அதைச் சரிசெய்யலாமே. அம்மாவும் காபிக்கு முன்னால்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது காரணம் ஆபத்தானது. மற்ற பாக்டீரியாக்கள் ஒழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி முளைத்து நச்சைக் கக்குவது. ஆன்டிபயாடிக் பேதிகளில் ஏறத்தாழ 10 முதல் 25 சதவீதம் இதனால் வருகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், அண்மையில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் இருவருக்கும் வாய்ப்பு அதிகம். காய்ச்சல், மலத்தில் ரத்தம், வயிறு இறுக்கிப் பிடிக்கும் வலி, நாளெல்லாம் நிற்காத பேதி இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன நாலு யோசனைகளையும் மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மலப் பரிசோதனை செய்து, அதற்கென்றே உள்ள மருந்தைக் கொடுப்பார்கள். அந்த நிலையில் பேதியை நிறுத்தும் லோப்பராமைடை நாமாகப் போடவே கூடாது. நச்சு உள்ளேயே தங்கிக் குடல் வீங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. சரி, வீட்டிலேயே பார்க்கலாம் என்று தோன்றியது.

வாழைக்காய்

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனையை நான் ஒரு காலத்தில் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கியிருப்பேன். இப்போது அதைத்தான் முதலில் எடுக்கிறேன். வங்காளத்தில் வயிறு கெட்டால் வாழைக்காய்க் குழம்பு வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். அங்கே டாக்காவில் இருக்கும் சர்வதேச வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். 5 முதல் 12 மாதம் வரை வயதுள்ள 62 ஆண் குழந்தைகள், எல்லோருக்கும் நாள்பட்ட பேதி. ஒரு பிரிவுக்கு அரிசிக் கஞ்சி மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதே கஞ்சியில் லிட்டருக்கு 250 கிராம் வேகவைத்த வாழைக்காய். மூன்றாவது பிரிவுக்குக் கஞ்சியோடு பெக்டின் என்ற பழ நார்ச்சத்து. நான்காம் நாள் முடிவில் வெறும் கஞ்சி குடித்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் பேதி நின்றிருந்தது. பெக்டின் கிடைத்தவர்களில் 78 சதவீதம், வாழைக்காய் கிடைத்தவர்களில் 82 சதவீதம்.

இத்தனை பெரிய வித்தியாசம் சாப்பாட்டை வைத்துச் செய்த சோதனைகளில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வந்தது ஆன்டிபயாடிக்கால் வந்த பேதி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அங்கே வேலை செய்த வழி நமக்கும் பொருந்துகிறது. பழுக்காத வாழைக்காயில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து நிறைய. அது அப்படியே பெருங்குடல் வரை இறங்கி, மிச்சமிருக்கும் பாக்டீரியாக்களிடம் பியூட்டிரேட்டாக மாறுகிறது. கூடவே கொஞ்சம் பெக்டினும் இருக்கிறது, அது தண்ணீரோடு சேர்ந்து கூழாகும். பழுத்துவிட்டால் அந்த மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாகிவிடும். அதனால் இதற்குப் பழம் காய்க்கு ஈடாகாது.

வேலூர் சி.எம்.சி.யில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் செய்த ஆய்வை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அது 2000-இல் வெளிவந்தது. காலரா வந்த 48 பேர். 16 பேருக்கு வழக்கமான ஓஆர்எஸ், 16 பேருக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு, மீதி 16 பேருக்கு அதோடு 50 கிராம் செரிக்காத வகைச் சோள மாவுச்சத்து. சாதாரண ஓஆர்எஸ் குடித்தவர்களுக்குப் பேதி சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. செரிக்காத மாவுச்சத்து சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. காலராவில் தண்ணீரைக் கொட்டுவது சிறுகுடல். பெருங்குடலுக்குச் சரியான இரை கொடுத்தால் அது அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்று நம்பி இறங்கினார்கள், அது நடந்தது. வேலூர் வார்டில் கிடைத்த இந்தப் பாடம் இன்னும் நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

வாழைக்காய் வாயு என்று நம் வீட்டில் சொல்வதும் உண்மைதான். பாக்டீரியா புளிக்கவைத்தால் வாயு வரத்தான் செய்யும். அதனால் அளவு முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு நடுத்தர வாழைக்காய் ஒன்று, தோல் சீவி, குழைய வேகவைத்து, மசித்து, நொய்யரிசிக் கஞ்சியில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் போட்டு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் குடிக்கலாம். எண்ணெயில் வறுத்த வாழைக்காய் இந்தக் கணக்கில் வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியத்தை நினைத்து டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இளநீருக்கும் அதே எச்சரிக்கைதான்.

ஜவ்வரிசிக் கஞ்சியைப் பற்றியும் கேட்பார்கள். அது மரவள்ளி மாவு. வேகவைத்தால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். தெம்புக்கு நல்லது, பெருங்குடலுக்குப் பெரிதாக ஒன்றும் போகாது.

இசப்கோல்

சித்தி சொன்ன இசப்கோல் வேறு ரகம். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு செடியின் விதை உமி. அதில் இருக்கும் அராபினோசைலான் தண்ணீரை வாங்கிப் பல மடங்கு உப்பிக் கூழாகிவிடும். பாக்டீரியாக்கள் அதை அதிகம் தொடுவதில்லை. அதனால் வாயுவும் குறைவு, பியூட்டிரேட்டும் குறைவு. மலச்சிக்கலுக்கும் கொடுக்கிறோமே, பேதிக்கும் எப்படி என்று கேட்பார்கள். இரண்டிலும் அது செய்வது ஒரே வேலை. தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. வறண்ட மலத்தை இளக்கும், நீர்த்த மலத்தைக் கூழாக்கும்.

ஆன்டிபயாடிக் பேதியில் இதன் பலம் ஒன்றுதான். குடலில் பாக்டீரியா இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அவசரம் குறையும், உடை நனையாமல் இருக்கும். வயதானவர்களுக்கு இது சின்ன நிம்மதி இல்லை. பலவீனமும் ஒன்று உண்டு. மலம் கெட்டியாவதால் உடம்பிலிருந்து தண்ணீர் போவது நின்றுவிட்டது என்று நினைத்துவிடுவோம். கூழுக்குள் பிடிபட்ட தண்ணீரும் போன தண்ணீர்தான். இசப்கோல் போட்டுக்கொண்டு ஓஆர்எஸை விட்டவர்கள் தலைசுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லை, மற்ற மாத்திரைகளையும் அந்தக் கூழ் தன்னோடு பிடித்துக்கொள்ளலாம். ஆன்டிபயாடிக்குக்கும் இசப்கோலுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். தைராய்டு, டைகாக்ஸின், லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் காலையில் தைராய்டு மாத்திரை, பகலில் பிரஷர் மாத்திரை, மூன்று வேளை ஆன்டிபயாடிக். இடைவெளி கண்டுபிடிப்பதே பாடு. ஒரு ஸ்பூனை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கவும் வேண்டும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நான் கொடுக்கவே மாட்டேன்.

வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்குவது நம் வீட்டு இசப்கோல் மாதிரி. அதில் இருப்பது கேலக்டோமன்னன் என்ற இன்னொரு கூழ். கொத்தவரை வகையான குவார் விதையிலிருந்து எடுக்கும் பிசினும் அதே இனம். அந்தக் குவார் பிசினைச் சிறு துண்டுகளாக உடைத்து ஓஆர்எஸில் கலந்து கொடுத்தபோது குழந்தைகளின் பேதி நாள் குறைந்ததையும் டாக்காவில்தான் பார்த்தார்கள். அந்த உடைத்த பொடி கிடைத்தால் இசப்கோலைவிட எனக்கு அது பிடிக்கும், கரைந்துவிடும், தொண்டையில் நிற்காது. நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

இன்யூலின் பொடி

தம்பி ஆர்டர் போட்டது சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின். பாக்டீரியாவுக்கு நல்ல இரை என்று பெட்டியில் எழுதியிருக்கும். பொய் இல்லை. ஆனால் இரை போடும்போது தின்ன ஆள் வேண்டாமா? ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் தின்ன வேண்டிய பாக்டீரியாவே குறைந்து கிடக்கிறது. இன்யூலின் கூழாவதும் இல்லை. தின்னப்படாத பகுதி தண்ணீரை இழுத்துக்கொண்டு நிற்கும், தின்னப்பட்ட பகுதி வேகமாக வாயுவாகும்.

இன்யூலினின் சிறு துண்டான ஒலிகோஃபிரக்டோஸை வைத்துப் பிரிட்டனில் ஒரே குழு இரண்டு சோதனைகள் நடத்தி, 2005-இல் இரண்டையும் வெளியிட்டது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நான் சொல்லவருவது பளிச்சென்று தெரியும். முதல் சோதனையில் ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட 65 வயதுக்கு மேற்பட்ட 435 பேர். பேதி வராமல் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. இரண்டாவதில் டிஃபிசில் பேதி வந்து, அதற்கான சிகிச்சை பெற்ற 142 பேர். சிகிச்சை முடிந்த பின்னும் தொடர்ந்து கொடுத்துவந்தபோது, பேதி திரும்ப வந்தவர்கள், ஒப்பீட்டுக்காக வெற்றுப் பொருள் கொடுத்த பிரிவில் 34 சதவீதம், ஒலிகோஃபிரக்டோஸ் பிரிவில் 8 சதவீதம். பொருள் ஒன்றுதான். மருந்தடி படும்போது உதவவில்லை, குடல் மறுபடி குடியேறும்போது உதவியது. அதனால் தம்பியிடம், பொட்டலம் வந்தால் பிரிக்காமல் வை, மாத்திரை முடிந்து ஒரு வாரம் போகட்டும் என்றேன்.

வேறு சில பெயர்கள்

கேரட் சூப்புக்கு ஒரு கதை உண்டு. ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1908-இல் பேதி வந்த குழந்தைகளுக்குக் கேரட் சூப் கொடுக்கத் தொடங்கினார். பச்சைக் குழந்தை திடுக்கிட்டுக் கையை விரிப்பதை மோரோ அனிச்சை என்கிறோமே, அதே மோரோதான். அரைக் கிலோ கேரட்டை ஒரு மணி நேரம் வேகவைத்து, மசித்து, ஒரு லிட்டராக்கி, மூன்று கிராம் உப்பு. நெடுநேரம் வேகும்போது கேரட்டின் பெக்டின் சிறு துண்டுகளாக உடைகிறது. அவை குடல் சுவரில் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடங்களை மறைத்துவிடுகின்றன என்று பின்னால் விளக்கினார்கள். வாழைக்காய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சீன மருத்துவத்தின் ஜின்செங் போன்ற வேர்களிலிருந்து பிரித்த பாலிசாக்கரைடுகளைப் பற்றி இணையத்தில் நிறையப் படிக்கலாம். பெரும்பாலும் எலிகளுக்கு லின்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பேதி உண்டாக்கி, பிறகு அந்தச் சாற்றைக் கொடுத்து, குடல் பாக்டீரியா எப்படித் திரும்புகிறது என்று பார்த்த ஆய்வுகள். அறிவியலுக்கு நல்ல வேலை. அதை வைத்துக்கொண்டு இன்று ராத்திரி அம்மாவுக்கு எத்தனை கிராம் கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாது.

சோற்றுக் கற்றாழையிலும் இந்த வகைக் கூழ் இருக்கிறது. வீட்டில் வெட்டும்போது தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பால் கலந்துவிட்டால் அதுவே கடும் பேதி மருந்து. வயிறு போகும்போது அதன் பக்கம் போகவே வேண்டாம்.

கேப்சூலும் தயிரும்

புரோபயாடிக்கில் ஆதாரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். குழப்பமும் அதற்குத் தகுந்தாற்போல் அதிகம். குழந்தைகளைப் பொறுத்தவரை படம் தெளிவாக இருக்கிறது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் 33 சோதனைகளையும் 6,352 குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்தது. ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக்கும் கொடுத்தவர்களில் பேதி வந்தது 8 சதவீதம், கொடுக்காதவர்களில் 19 சதவீதம். முதியவர்களிடம் அப்படி இல்லை. பிரிட்டனில் 65 வயது தாண்டிய சுமார் 2,900 ஆஸ்பத்திரி நோயாளிகளை வைத்து நடத்தி 2013-இல் வெளியான பெரிய சோதனையில் புரோபயாடிக் கேப்சூல் எடுத்தவர்களுக்கு 10.8 சதவீதமும் வெற்றுக் கேப்சூல் எடுத்தவர்களுக்கு 10.4 சதவீதமும் பேதி வந்தது. வித்தியாசமே இல்லை.

இவையெல்லாம் வருமுன் தடுப்பதைப் பற்றிய கணக்கு. முதல் நாள் மாத்திரையோடு சேர்த்துத் தொடங்கினால்தான் அந்தப் பலன். பேதி தொடங்கி மூன்றாம் நாள் வாங்கிப் போடுவதற்கு அந்த எண்களைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

எந்தக் கேப்சூல் என்பதும் பெரிய விஷயம். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்பது ஈஸ்ட், பாக்டீரியா இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. 1920களில் இந்தோசீனாவில் காலரா பரவியிருந்தபோது, லிச்சித் தோலையும் மங்குஸ்தான் தோலையும் பயன்படுத்தியவர்களைக் கவனித்து ஆன்ரி பௌலார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இதைப் பிரித்தெடுத்தார். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் மைய ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் வைத்திருப்பவர்களுக்கும் இதைத் தரக் கூடாது, ஈஸ்ட் ரத்தத்தில் ஏறிவிடும்.

மாத்திரை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் புரோபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பல வகைப் பாக்டீரியா கலந்த கேப்சூலைச் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வருவது தாமதமாகிவிட்டது. ஒன்றும் சாப்பிடாமல் விட்டவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. 21 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. ஆனாலும் நான் அதன் பிறகு கவுன்டரில் கேப்சூலை நீட்டும் முன் ஒரு தடவை யோசிக்கிறேன்.

மோரும் தயிரும் சாப்பாடாக நல்லவை, ஒத்துக்கொண்டால் தொடரலாம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தயிரையும் மாத்திரையையும் சேர்த்து உள்ளே தள்ளக் கூடாது. தயிரின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

முதலில் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதி பாதியாக இல்லை. ஒவ்வொரு தடவை போய்வந்ததும் ஒரு டம்ளர். பெயரில் மட்டும் ஓஆர்எஸ் என்று போட்டு விற்ற இனிப்புப் பானங்களைப் பல வீடுகளில் நம்பிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் போடக் கூடாது என்று தடுத்தது. இருந்தாலும் அட்டையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து வாங்குங்கள்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றேன். பல்லில் சீழ் பாதியில் நின்றால் அது வேறு வம்பு. பல் டாக்டரிடம் நானே பேசினேன். மூன்று வேளையை இரண்டு வேளையாக்கினார். கிளாவுலனேட் உள்ளே போகும் அளவு குறைந்தால் பேதியும் குறையும் என்பது தெரிந்த விஷயம்தான். காபிக்கு முன் போட்டுக்கொண்டிருந்ததைச் சாப்பாட்டின் முதல் வாயோடு போட வைத்தோம்.

பாலிசாக்கரைடுகளில் வாழைக்காய்க் கஞ்சியைத் தேர்ந்தெடுத்தோம். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை, மாத்திரை இடைவெளிச் சிக்கலும் வராது, கஞ்சி என்றால் குடிப்பாள். இசப்கோலை ஒரே ஒரு சூழ்நிலைக்கு ஒதுக்கிவைத்தேன். நான்காம் நாள் காலை ரத்தப் பரிசோதனைக்கு பஸ்ஸில் போக வேண்டியிருந்தது, அதற்கு முந்தின ராத்திரி ஒரு ஸ்பூன். கேப்சூல் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் இது வேறு மாதிரி அமையலாம். குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தொடங்கப் போகிறீர்கள், போன தடவை பேதி ஆனது என்றால், முதல் நாளே புரோபயாடிக் சேர்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அங்கே ஆதாரம் அதன் பக்கம்தான். பேதி வந்துவிட்ட குழந்தைக்கு ஓஆர்எஸோடு துத்தநாகம் 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். திட உணவு தொடங்கிய குழந்தைக்கு வாழைக்காய் மசித்த கஞ்சி தரலாம். அலுவலகம் போகிற, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத முப்பது வயதுக்காரருக்கு இசப்கோலே போதும், தண்ணீரை மறக்காமல் இருந்தால் சரி. சர்க்கரை நோயாளி வெந்தயம் விழுங்கினால் ரத்தச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பேதியில் சாப்பாடும் குறைந்திருக்கும் இல்லையா.

ஐந்தாம் நாள் அம்மா இரண்டு தடவை போனாள். ஏழாம் நாள் மாத்திரை முடிந்தது. அடுத்த வாரம் கீரைத்தண்டு, அவரை, கொய்யா, முளைகட்டிய பயறு என்று ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் புதிதாகச் சேர்க்காமல் கொடுத்தோம். பல வகைப் பாக்டீரியா திரும்ப வேண்டுமென்றால் பல வகை இரை வேண்டும். பதினைந்தாம் நாளுக்கு மேல் தம்பியின் இன்யூலின் பொட்டலத்தையும் பிரித்தோம், அரை ஸ்பூனில் ஆரம்பித்து.

டிஃபிசில் பேதி மாத்திரை முடிந்து இரண்டு மாதம் வரைகூட வரலாம் என்பதால் காலண்டரில் மார்கழிக் கடைசி தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, அதுவரை வயிறு போனால் எனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு வந்தேன். அம்மா தன் மெடிக்கல் ஃபைலின் முதல் பக்கத்தில், அலர்ஜி என்ற இடத்துக்குக் கீழே, தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: "பல் மாத்திரை 625, வயிறு போச்சு, சாப்பாட்டோட போடணும்."